தவிட்டு மூட்டையின் அருமை பெருமைகள்

அதியமானுக்காகத் தூது வந்த ஔவைக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். ஔவை பார்த்தார், புகழ்ந்தார். மயில்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டு, காவலோடு இருக்கின்றன உன் ஆயுதங்கள் என்றார். அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அது. அதில் பொய்யாக ஒரு சொல்லும் இல்லை. தொண்டைமானின் ஆயுதங்கள் உண்மையிலேயே அழகாக இருந்தன. அப்படி அழகு குலையாமல் இருந்ததுதான் அவற்றின் குற்றம். தொண்டை நாட்டின் காஞ்சியில் உட்கார்ந்து ஒன்றைப் புகழ்வதானால் அந்த வழியில்தான் புகழ வேண்டும். இல்லாத பெருமை எதையும் ஏற்றிச் சொல்லாமல், இருப்பதை மட்டும் சொல்லி.

நான் புகழ எடுத்துக்கொண்டது, காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பன்றி வளர்ப்பவர்களின் கொட்டில் வாசலில் வந்து இறங்குகிற மலிவான தவிட்டு மூட்டையை. பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன ஊரில் எழுத வேறு பொருள் கிடைக்கவில்லையா என்று யாராவது கேட்கலாம். இது ஏரிப் பாசன நெல் மண். நெல் விளைகிற இடத்தில் அரிசி ஆலை இருக்கும். ஆலை இருக்கும் இடத்தில் உமியும் தவிடும் குருணையும் குவியும். மனிதர் தின்னாத இந்த மிச்சத்தில் தின்னத் தக்கதைப் பிரித்துக் கொடுத்தால், அதை இறைச்சியாக்கித் தருவதில் பன்றிக்கு நிகரான பிராணி அதிகம் இல்லை. அதற்கான படிப்பும் தொலைவில் இல்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையம், 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும்வரை காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. முக்கால் பங்கு லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயரும் கால் பங்கு நாட்டுப் பன்றியும் கலந்த ‘தனுவாஸ் கே.பி.எம். கோல்டு’ அங்கே உருவான பன்றி. நல்ல இனம் நம் வாசலுக்கு வந்துவிட்டது. அதை வரவேற்க மூட்டை முன்னதாகவே வந்து காத்திருந்தது.

மூட்டையின் முதல் பெருமை அதன் பருமன். நயம் தவிடு சாக்குக்குள் அடங்கி உட்காரும். இந்த மூட்டை அப்படி ஒடுங்கிப் போவதில்லை. அதே எடைக்குப் புடைத்து, விம்மி, தைத்த வாயைத் தள்ளிக்கொண்டு நிற்கும். நான்கு மூட்டை அடுக்கினால் கொட்டில் நிறைந்துவிடும். வீட்டில் தீவனம் இருக்கிறது என்கிற தெம்பை இந்த விலைக்கு வேறு யாராலும் தர முடியாது. வாலாஜாபாத் பக்கம் பன்றி வளர்க்கும் ஒருவர் என்னிடம் சொன்னார்: “மூட்ட பெருசாத்தான் சார் இருக்குது. பன்னிதான் பெருசாவல.” மூட்டையைப் பற்றி இதைவிடச் சரியாகச் சொல்ல என்னால் ஆகாது. ஆனாலும் அவர் சொன்னதற்குக் காரணம் என்ன என்பதை எடுத்துச் சொல்லலாம்.

நூறு கிலோ நெல்லில் ஏறக்குறைய இருபது கிலோ உமி, எட்டுக் கிலோ தவிடு. பழைய ஹல்லர் மில்லில் இரண்டும் ஒன்றாக அரைபட்டு ஒரே வாயில் வெளியே விழும். அந்த இருபத்தெட்டுக் கிலோவில் இருபது உமி. அதாவது தவிடு என்று சொல்லி அள்ளியதில் ஏழில் ஐந்து பங்கு தவிடே கிடையாது. பிறகு ரப்பர் உருளை வைத்த ஆலைகள் வந்தன. உமி ஒரு வழியாகவும் தவிடு வேறு வழியாகவும் போயின. நெல் வியாபாரத்தில் இது பெரிய முன்னேற்றம். பிரிந்துபோன இந்த இரண்டையும் மறுபடி சேர்த்துவைக்கிற பெருந்தன்மை மூட்டைக்கு இருக்கிறது. பொடியாக அரைத்த உமியைத் தவிட்டில் விட்டால் கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் எளிதில் தெரியாது. உமியோடு அதன் தாராளம் நிற்பதில்லை. வேர்க்கடலைத் தொலிக்கும் இடம் உண்டு. உடைத்த பருப்பின் தோலுக்கும், களத்தில் கூட்டி அள்ளிய மண்ணுக்கும் இடம் உண்டு. நாடி வந்த எதையும் வெளியே நிறுத்தாத மூட்டை அது.

அதற்குள் இருக்கும் உமியைத் தனியே புகழ வேண்டும். உமியைப் போல் தன்னிலை மாறாத பொருள் தீவனச் சந்தையில் வேறில்லை. அதில் நாற்பது சதவீதம் அளவுக்கு நார். எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. மணலிலும் கண்ணாடியிலும் இருக்கிற அதே சரக்கு. உமிக்குள் செல்லுலோஸ் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் லிக்னின் என்கிற மரச்சத்தும் சிலிக்காவும் அதைச் சுற்றி இறுகிப்போயிருக்கின்றன. அசைபோடுகிற மாட்டின் நான்கு அறை வயிறே அதில் பெரிதாக எதையும் எடுக்க முடியாமல் விட்டுவிடும். பன்றியின் வாய்க்குள் எப்படிப் போனதோ, ஏறக்குறைய அப்படியே அது வெளியே வந்து சேரும். போன வழியில் யாருக்கும் எதையும் கொடுத்திருக்காது. வெறுங்கையோடும் திரும்பியிருக்காது. குடல் சுவரை உரசிக்கொண்டு வேகமாகப் போகும்போது, கூட வந்த புண்ணாக்கின் புரதத்திலும் மக்காச்சோளத்தின் மாவிலும் கொஞ்சத்தைச் செரிக்க விடாமல் தன்னோடு அழைத்துக்கொண்டு போகும். காசு கொடுத்து வாங்கிய புண்ணாக்கு சாணத்தில் கிடப்பது இப்படித்தான்.

பன்றிக்கு நம்மைப் போல் ஒற்றை வயிறு. மாவும் புரதமும் கொழுப்பும் இரைப்பையிலும் சிறுகுடலிலும் கரைந்து உடம்பில் சேர்ந்துவிடுகின்றன. நாரை உடைக்கும் நொதி பன்றியின் உடம்பில் சுரப்பதில்லை. அந்த வேலையைப் பெருங்குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் செய்கின்றன. அவை நாரைப் புளிக்கவைத்து அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களாக்கித் தருகின்றன. அவற்றைப் பன்றி உறிஞ்சி எரிபொருளாக்கிக்கொள்கிறது. வளர்ந்த தாய்ப்பன்றிக்குப் பெருங்குடல் பெரியது. தீவனம் அதில் நிதானமாக நகரும், நுண்ணுயிர்களும் தேர்ந்திருக்கும். இருபது கிலோ குட்டிக்கு இந்த வசதி இன்னும் கூடி வரவில்லை. அதன் வயிறும் சிறியது. ஒரு நாளில் அது தின்னக்கூடிய அளவுக்கு எல்லை உண்டு. சத்துக் குறைந்தால் கூடுதலாகத் தின்று ஈடு கட்டிக்கொள்ள வளர்ந்த பன்றியால் ஓரளவு முடியும், குட்டியால் முடியாது. உமி அடைத்த இடத்தில் மக்காச்சோளம் நுழையாது.

வயிறு நிறைந்துவிட்டதாக உடம்பு நம்பிவிடும். குட்டி படுத்துவிடும், கத்தாது. பசித்த பன்றிக் கொட்டிலின் கூச்சலைக் கேட்டவர்களுக்கு இந்த அமைதியின் மதிப்பு தெரியும். ஒரு குட்டியைப் பட்டினி போட்டு, அது பட்டினி என்று அதற்கே தெரியாமல் பார்த்துக்கொள்ளும் வல்லமை இந்த மூட்டையைத் தவிர வேறு எதற்கு இருக்கிறது?

இளமையைக் காத்துத் தருவதிலும் மூட்டை பெரியது. நன்றாகத் தின்னும் யார்க்‌ஷயர் கலப்புப் பன்றி ஏழெட்டு மாதத்தில் தொண்ணூறு கிலோவைத் தொடும். மூட்டையை நம்பியது அந்த வயதிலும் குட்டியைப் போலவே இருக்கும். தலை மட்டும் வயதைக் காட்டும், முதுகெலும்பு தெரியும், வயிறு பானையாகத் தொங்கும். அதைப் பத்து மாதம், ஒரு வருடம் என்று வைத்துக் காப்பாற்றுகிற பாக்கியம் வளர்ப்பவருக்குக் கிடைக்கிறது. அந்தக் கூடுதல் மாதங்களிலும் அது தினமும் தின்னும், தண்ணீர் குடிக்கும், மருந்து கேட்கும். பன்றி வளர்ப்புச் செலவில் எழுபது சதவீதம் அளவுக்குத் தீவனமே என்று கணக்குப் போட்டவர்கள் சொல்கிறார்கள். ஒரு கிலோ எடை கூட மூன்றரை, நான்கு கிலோ நல்ல தீவனம் வேண்டும். ஐம்பது கிலோ மூட்டையில் பதினைந்து கிலோ உமி என்று வைத்துக்கொண்டால், அந்தப் பதினைந்து கிலோவுக்கும் விலை கொடுத்து, வண்டி வாடகை கொடுத்து, குட்டியின் வாய் வழியாக ஏற்றி, பின்வழியாக இறக்கி, மண்வெட்டியால் வாரிக் கொட்டுகிறோம். எலும்பும் சதையும் ஏறுகிற மாதங்கள் ஒரு பன்றிக்கு ஒரே முறைதான் வருகின்றன. பிற்பாடு எவ்வளவு கொட்டினாலும் அதில் பெரும்பங்கு கொழுப்பாகத்தான் படியும். இதை எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது.

கத்திரி வெயிலில் மூட்டை இன்னொரு உபகாரமும் செய்கிறது. நார் பெருங்குடலில் புளிக்கும்போது வெப்பம் பிறக்கிறது. மாவு செரிப்பதைவிட நார் செரிப்பதில் உடம்புக்குள் கூடுதல் சூடு. மலைப்பிரதேசத்தில், பனிக்காலத்தில், அது பன்றிக்குப் போர்வை. காஞ்சிபுரத்தின் மே மாதம் அப்படிப்பட்டதில்லை. வெயில் நாற்பது பாகையைத் தொடுகிற ஊரில், வியர்த்துக் குளிர முடியாத பிராணிக்கு உள்ளுக்குள்ளும் ஓர் அடுப்பை மூட்டிக் கொடுக்கிறோம். அது சேற்றைத் தேடி ஓடினால் அசிங்கமான பிராணி என்கிறோம்.

சூடு என்றதும் நினைவுக்கு வருகிறது. உமியை அடுப்பில் போட்டால் அருமையாக எரியும். கிலோவுக்கு மூவாயிரம் கிலோகலோரிக்கு மேல் வெப்பம் தரும். எரித்து அளந்து பார்த்தால் மக்காச்சோளத்துக்கு வெகு தூரத்தில் இல்லை. அதனால்தான் நெல்லை அவிக்கிற ஆலைகளே தங்கள் கொதிகலனுக்கு உமியைப் போடுகின்றன, செங்கல் சூளைக்காரர்களும் வாங்குகிறார்கள். உமிக்கு உரிய இடம் எது என்று ஆலைக்காரருக்குத் தெரியும். பன்றியின் குடலைச் சூளை என்று எண்ணியது மூட்டை மட்டுமே.

கழனிக்கு அதனால் நன்மை என்பதையும் மறைக்கக் கூடாது. உமி தின்ற கொட்டிலில் சாணம் மிகுதி. அதிலுள்ள சிலிக்கா நெற்பயிரின் தண்டுக்கு நல்லது. நெல்லில் பிறந்து, ஆலையில் பிரிந்து, பன்றி வழியாகப் பயணம் செய்து, நெல்லுக்கே திரும்புகிறது. இந்த ஊர்வலத்தில் நடுவில் நின்ற பன்றிக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை.

சரி, உமியே கலக்காத நயம் தவிடு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதையும் அளவறிந்து புகழ வேண்டும். நயம் தவிட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று சதவீதம் புரதம் இருக்கிறது, நல்ல எண்ணெய் இருக்கிறது, பி வகை வைட்டமின்கள் இருக்கின்றன. பச்சரிசித் தவிடு சில நாளில் காறிப்போகும், அதிலுள்ள நொதி எண்ணெயைக் கெடுத்துவிடும். புழுங்கல் நெல்லின் தவிடு, அவித்தபோதே அந்த நொதி செத்துவிடுவதால், தாக்குப்பிடிக்கும். புழுங்கல் சாப்பிடுகிற தமிழ்நாட்டுக்கு இது தானாக வாய்த்த நன்மை. ஆனால் தவிட்டிலுள்ள பாஸ்பரஸின் பெரும்பங்கு பைட்டேட் என்ற வடிவில் இறுகிக் கிடக்கிறது. பன்றியால் அதை எடுக்க முடியாது. அந்தப் பைட்டேட் துத்தநாகத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்தோ தவிட்டில் மிகக் குறைவு. அதை ஈடு செய்கிறேன் என்று கிளிஞ்சல் தூளை அளவில்லாமல் போட்டால் துத்தநாகம் இன்னும் கிடைக்காமல் போகும். குட்டியின் தோல் தடித்து, செதிலாகி, காலிலும் வயிற்றிலும் வெடிக்கும். சொறி என்று நினைத்து வேப்பெண்ணெய் தடவுவார்கள். இது துத்தநாகக் குறைவு என்று 1955இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். தாது உப்புக் கலவையை நூறு கிலோ தீவனத்துக்கு ஒன்றரை, இரண்டு கிலோ சேர்த்தால் போதும். மூட்டைக்கு ஆகும் செலவில் அது ஒரு பொருட்டே இல்லை.

நாரையே நான் பழிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். நார் அருமையான பொருள், அதை இந்த மூட்டையிடமிருந்து காப்பாற்றியாக வேண்டும். எல்லா நாரும் உமி இல்லை. கோதுமைத் தவிட்டின் நார் ஓரளவு புளிக்கும். உளுந்துப் பொட்டும் துவரைப் பொட்டும் அளவோடு போட்டால் பயன்படும். சேலம், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் மிஞ்சும் மரவள்ளித் திப்பியில் பாதிக்கு மேல் மாவு நின்றுவிடுகிறது, புரதம்தான் அதில் இல்லாத குறை. ஐரோப்பாவில் சர்க்கரை பீட் கிழங்கின் சக்கையைப் பன்றிகள் நன்றாகவே செரிக்கின்றன. வடகிழக்கு மாநிலங்களில் சேம்பு இலையையும் தண்டையும் தவிட்டோடு வேகவைத்துக் கொடுக்கிற வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. வேகவைக்கிற பொறுமை அதில் இருக்கிறது, அதைக் கவனியுங்கள். பால் மறந்த குட்டிக்குச் சிறிதளவு நார் குடலை ஒழுங்குபடுத்திக் கழிச்சலைக் குறைக்கும். விற்பனைக்கு நெருங்கிய பன்றிக்குக் கொஞ்சம் நார் கூடினால் கொழுப்புக் குறையும்.

எல்லாவற்றையும்விட, சினைப் பன்றிக்கு நார் வேண்டும். அதன் சினைக்காலம் 114 நாள். அந்தக் காலத்தில் அதற்குச் சத்தான தீவனத்தை வயிறு நிறையக் கொடுத்தால் கொழுத்துவிடும், அளந்து கொடுத்தால் பசியில் கம்பியைக் கடித்துக்கொண்டே நிற்கும். கோதுமைத் தவிடு, பசும்புல், அகத்திக்கீரை என்று நார் சேர்த்துக் கொடுத்தால் வயிறும் நிறையும், மலமும் இளகும், கொழுப்பும் ஏறாது. ஐரோப்பிய ஒன்றியம் சினைப் பன்றிகளுக்கு நார் மிகுந்த, வயிற்றை நிரப்பும் தீவனம் போதிய அளவு கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமே வைத்திருக்கிறது. நம் கொட்டில்களில் நடப்பது இதற்கு நேர் எதிர். கையில் காசு இருக்கும்போது வாங்குகிற நல்ல தீவனம் கண்முன் நிற்கும் பெரிய தாய்ப்பன்றிக்குப் போகிறது. மூட்டை, கேட்கத் தெரியாத குட்டிக்குப் போகிறது.

ஓட்டல் மிச்சத்தையும் கல்யாண மண்டபத்து மிச்சத்தையும் வாங்கிவந்து, தண்ணீராக இருக்கிறதே என்று அதில் தவிட்டைக் கொட்டிக் கிளறுபவர்கள் உண்டு. அந்த மிச்சத்தைக் கொதிக்கவைக்காமல் கொடுக்கவே கூடாது. 2001இல் பிரிட்டனைக் குலுக்கிய கோமாரி நோய், கொதிக்கவைக்காத மிச்சம் தின்ற ஒரு பன்றிப் பண்ணையிலிருந்து கிளம்பியதாகத்தான் விசாரணை முடிந்தது. 2020இல் இந்தியாவுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் இறைச்சி மிச்சத்தில் பயணம் செய்யக்கூடியது. இது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

மூட்டையின் ஆகப் பெரிய பெருமைக்கு இப்போது வருகிறேன். அது எந்தச் சோதனையிலும் தோற்றதில்லை. சோதனைக்கு அதை யாரும் அழைத்ததில்லை என்பதால்.

காஞ்சிபுரம் சோதனைக்குப் பழகாத ஊரா? சேலையில் ஓடுகிற ஜரிகையில் தங்கம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அந்தத் துளியும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இந்த ஊரில் கருவி உண்டு. ஜரிகைக்கென்று அரசே இங்கே ஒரு நிறுவனம் நடத்துகிறது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. கருவி இல்லாத வீட்டுப் பெண்கள்கூட ஜரிகையை நகத்தால் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். சிவப்புத் தெரிந்தால் அசல். தவிட்டுக்கும் ஒரு சிவப்புச் சோதனை இருக்கிறது. புளோரோகுளுசினால் என்ற மருந்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்த்துத் தவிட்டின் மேல் சொட்டுவிட்டால், மரச்சத்து இருக்கிற இடமெல்லாம் சிவந்துபோகும். இங்கே சிவப்புத் தெரிந்தால் உமி. பத்து நிமிட வேலை. நூற்றில் ஒரு பங்குத் தங்கத்துக்காகச் சுரண்டிப் பார்க்கிற ஊர், நூற்றில் முப்பது பங்கு உமியைச் சுரண்டிப் பார்க்கவில்லை.

ஆய்வகத்துக்கு அனுப்பினால் நார் எவ்வளவு என்று எண்ணில் எழுதித் தருவார்கள். ஜெர்மனியின் வீண்டே ஆய்வகத்தில் ஹென்னபெர்க்கும் ஸ்டோமனும் 1860களில் வகுத்த முறை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. தீவனத்தை அமிலத்தில் கொதிக்கவைத்து, காரத்தில் கொதிக்கவைத்து, கரையாமல் மிஞ்சுவதை நார் என்று எடுத்துக்கொள்வது. அதில் மரச்சத்தின் ஒரு பகுதி கரைந்துபோய் நார் குறைவாகத் தெரியும். அந்தக் குறையைப் பீட்டர் வான் சூஸ்ட் என்ற அமெரிக்க அறிவியலாளர் 1960களில் புதிய முறையால் சரிசெய்தார். எந்த முறையானாலும், அமிலத்தில் கரையாத சாம்பல் எவ்வளவு என்று ஒரு வரி கேட்டுவிட்டால் போதும், உமியும் மண்ணும் ஒளிய இடம் இருக்காது. நாமக்கல்லில் கோழிப் பண்ணைக்காரர்கள் இதையெல்லாம் கேட்காமல் சரக்கை இறக்க மாட்டார்கள். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகமும் அந்த ஊரில் இருக்கிறது. கோழி முதலாளி கேட்கிறார், பதில் வருகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் பன்றித் தீவனத்துக்கும் தரம் எழுதி வைத்திருக்கிறது. எழுதிய தரம் பத்திரமாக இருக்கிறது.

கேட்காமல் இருப்பதற்குக் காரணம் அறியாமை என்று நான் நம்பவில்லை. இந்த ஊரில் காமாட்சி அம்மன் கோயிலுக்குள்ளேயே திருக்கள்வனூர் என்ற திவ்ய தேசம் இருக்கிறது. அங்கே நிற்பவர் ஆதிவராகப் பெருமாள். ஏகாம்பரநாதர் ஊரில், சிவனின் அடியைத் தேடிப் பன்றியாகி மண்ணைத் தோண்டிப் போன திருமாலைக் கல்லில் வடித்துக் கும்பிடுகிறோம். கல்லில் இருக்கும்வரை பன்றி வராகம். தெருவில் வந்தால் மாநகராட்சிக்கு எழுதும் புகார். அதை வளர்ப்பவரை ஊருக்கு வெளியே தள்ளி, அவர் தீவனக் கடைக்கு வந்தால் ஓரமாக நிற்கவைக்கிறோம். அவர் “இதில உமி எவ்ளோங்க?” என்று கேட்டால், “பன்னி திங்கறதுக்கு இன்னா, போதும் எடுத்துட்டுப் போ” என்று பதில் வருகிறது. மூட்டைக்குள் உமியைச் சேர்ப்பது அரவை இயந்திரம். அதை விலைக்குத் தள்ளுவது இந்தப் பதில். குட்டி வாடினால் கடன் வாடுவதில்லை, அது வளர்ந்துகொண்டே இருக்கும். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் இந்தக் குட்டியின் முதுகில்தான் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே மூட்டை வந்து இறங்கியதும் பிரித்து, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு பிடி போட்டுக் கலக்கிப் பாருங்கள். தவிடு நனைந்து கூழாகும். உமி மேலே நிற்கும். மண் அடியில் உட்காரும். அரைத்துக் கலந்தது இதில் முழுக்கத் தெரியாது, ஆனால் பெரிய ஏமாற்று தெரிந்துவிடும். ஒரு சிட்டிகை நாக்கில் வையுங்கள். நல்ல தவிடு இனிக்கும், உமி நறநறக்கும், காறியது கசக்கும். வளரும் குட்டியின் தீவனத்தில் நயம் தவிடு ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். மீதியில் மக்காச்சோளமோ கம்போ குருணையோ பெரும்பகுதி, தொலி உரித்து ஆட்டிய கடலைப் புண்ணாக்கோ சோயாப் புண்ணாக்கோ அடுத்தது, பிறகு தாது உப்பும் சோற்றுப்பும். கடலைப் புண்ணாக்கு பூஞ்சணம் பூத்திருந்தால் தொடவே வேண்டாம்.

தனியாக ஒருவர் போய்க் கேட்டால் கடையில் மதிப்பு இருக்காது. ஒரு பகுதியில் பன்றி வளர்க்கும் பத்துக் குடும்பம் சேர்ந்தால் ஒரு லோடு தவிட்டை ஆலை வாசலிலேயே பேசி வாங்கலாம். இறக்கும்போது நான்கு மூட்டையில் கைவிட்டு மாதிரி எடுத்து, பையில் கட்டி, ஆலைக்காரர் முன்னாலேயே கையெழுத்துப் போட்டு வைக்கலாம். பாதிப் பணத்தை அன்றைக்கும் மீதியை ஆய்வக முடிவு வந்த பிறகும் தருகிறோம் என்று பத்துப் பேராகச் சொல்லலாம். பில்லில் நார் எத்தனை சதவீதம் என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற ஆலையில் வாங்காதீர்கள்.